அலமேலு என்றால் என்ன பொருள்? ஒரு பழைய பெயரின் பிறப்பும் உருமாற்றங்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த மூத்த பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் முனியம்மா, பச்சையம்மா, குப்பம்மா, அஞ்சலை, ராமாயி, லெட்சுமி என்று வந்துகொண்டே இருக்கும். அந்த வரிசையில் எங்காவது ஓர் அலமேலு இருப்பார். அவருடைய மகளுக்குச் சாந்தி என்றோ விஜயா என்றோ பெயர். பேத்திக்கு நடுவில் ‘ஷ’ வரும் ஏதோ ஒரு பெயர். இன்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கு அலமேலு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், நம்புவதற்கு முன் இரண்டு தடவை விசாரிப்பேன்.

பாட்டியின் பெயரைக் குழந்தைக்கு வைக்கலாமா என்று யோசிக்கும் இளம் பெற்றோர் முதலில் கேட்பது அதற்கு என்ன அர்த்தம் என்பதைத்தான். பாட்டிகளிடம் கேட்டால் ‘சாமி பெயர்’ என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பதிலுக்குத் திருப்பதி வரையும், அங்கிருந்து தோட்டத்து எழுத்தரான கிராணியாரின் மேசை வரையும் போய்வர வேண்டியிருக்கிறது. பெயர் ஆராய்ச்சி எதுவும் படித்திராதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்; ஆகவே அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

பெயருக்குள் இருக்கும் தொடர்

அலமேலு என்பதன் முழு வடிவம் அலர்மேல்மங்கை. ‘அலர்’ என்றால் நன்றாக விரிந்த பூ. ‘மேல்’ எல்லோருக்கும் தெரிந்த மேல்தான். ‘மங்கை’ இளம்பெண். விரிந்த பூவின் மேல் வீற்றிருக்கும் பெண் என்பது மொத்தப் பொருள்.

தமிழில் ஒரு பூவுக்கு அதன் பருவத்துக்கு ஏற்பப் பெயர் மாறும். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பருவங்களைச் சொல்வது வழக்கம். அதில் அலர் என்பது இதழ்கள் முழுவதும் விரிந்த நிலை; அதற்கு அடுத்த பருவமான ‘வீ’ உதிரும் பூ. ஆக, இந்தப் பெயரில் இருப்பது முழுமையாக விரிந்த பூ. இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது அகராதியைப் புரட்டிவிட்டுச் சண்டைக்கு வரக்கூடாது. காதலர்களைப் பற்றி ஊரார் பேசும் வம்புக்கும் அலர் என்றுதான் பெயர். திருக்குறளில் 115 ஆவது அதிகாரமே ‘அலர் அறிவுறுத்தல்’. வம்பும் பூப்போல விரியும் என்பதால் வந்த பொருள் அது. பெயரில் இருப்பது பூ மட்டும்தான், தயங்க வேண்டாம்.

எந்தப் பூ என்று பெயர் சொல்லவில்லை. பூவின் மேல் அமர்ந்தவள் என்றால் தாமரையும் திருமகளும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். வெள்ளைத் தாமரையில் கலைமகளும் இருக்கிறாளே என்று ஒருவர் மடக்கலாம். இந்தத் தொடர் புகழ்பெற்ற இடம் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் ஆறாம் பத்தின் பத்தாவது பதிகம் திருவேங்கடத்துப் பெருமாளைப் பாடுவது. அதன் பத்தாவது பாசுரம் ‘அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா’ என்று தொடங்குகிறது. ‘ஒரு கணமும் பிரிந்திருக்க மாட்டேன்’ என்று சொல்லித் திருமகள் தங்கியிருக்கும் மார்பை உடையவனே என்பது பொருள். வைணவர்கள் சரணாகதி என்று சொல்லும் அடைக்கலக் கொள்கையைப் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டும் பாசுரம் இது. பெருமாள் கோயில்களில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் ஓதப்பட்டு வருவதால், பாசுரத்தை மனப்பாடம் செய்யாதவர்கள் காதிலும் ‘அலர்மேல் மங்கை’ விழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று இந்த வரியில் இருக்கிறது. பூவின் மேல் இருப்பவள் என்று பெயர் சொல்கிறது. ஆனால் பாட்டில் அவள் பூவை விட்டுவிட்டு மார்புக்குக் குடிவந்துவிட்டாள், திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறாள்.

திருப்பதி நகரத்துக்குப் பக்கத்திலேயே திருச்சானூர் இருக்கிறது. தாயாருக்கென்று தனிக் கோயில் அங்கேதான். வடமொழியில் அந்தத் தாயாருக்குப் பத்மாவதி என்று பெயர். பத்மம் என்றால் தாமரை. தமிழில் அலர்மேல்மங்கை. கோயிலின் திருக்குளம் பத்ம சரோவரம், தாமரைக் குளம். அதில் பூத்த பொன் தாமரையில் தாயார் தோன்றினாள் என்பது தலபுராணம். ஊருக்கே அலமேலுமங்காபுரம் என்றொரு பெயர் உண்டு. ஆகவே பத்மா, பத்மாவதி என்று பெயருள்ளவர்களும் அலமேலுவும் ஒரே தெய்வத்தின் பெயரைத்தான் சுமக்கிறார்கள். ஒன்றுக்கு மட்டும் வயதாகிவிட்டது போல நாம் நடந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

மங்கை எங்கே போனாள்?

அலர்மேல்மங்கை எப்படி அலமேலு ஆனது? மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன. மூன்றும் நாம் தினமும் பேசும் தமிழில் நடப்பவைதான்.

முதலில் ‘ர்’ காணாமல் போனது. ரகர மெய்க்குப் பின் இன்னொரு மெய் வந்தால் பேச்சில் ரகரம் தேய்ந்துவிடும். பார்த்தேன் என்று எழுதுகிறோம், பாத்தேன் என்று சொல்கிறோம். சேர்த்து என்பது சேத்து ஆகிறது. அதே வழியில் அலர்மேல், அலமேல் ஆனது.

அடுத்து, வால் முறிந்தது. நீளமான தெய்வப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் வீட்டில் இதே கதிதான். கோமளவல்லி கோமளா ஆகிறாள், வடிவுடைநாயகி வடிவு ஆகிறாள். இங்கே முறிந்து விழுந்தது ‘மங்கை’.

மூன்றாவது மாற்றம், கடைசியில் ஒட்டிக்கொண்ட உகரம். லகர மெய்யில் முடியும் சொல்லை நம் நாக்கு அப்படியே விடாது. பால் பாலு ஆகும், கல் கல்லு ஆகும், வில் வில்லு ஆகும். அலமேல், அலமேலு ஆனது அதனால்தான். அந்த உகரத்துக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை.

இப்போது கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். பெயரில் மிஞ்சியிருப்பது ‘பூவின் மேல்’ என்பது மட்டும்தான். யார் என்பது விழுந்துவிட்டது. ஒரு பெண்ணுக்கு வைத்த பெயரிலிருந்து பெண்ணே வெளியேறிவிட்டாள். ஆனாலும் பெயர் நிற்கிறது, ஏனென்றால் பெயராகிவிட்ட சொல்லிடம் யாரும் இலக்கணம் கேட்பதில்லை. இப்படி உருமாறிய பெயர்கள் இன்னும் உண்டு. திருவண்ணாமலை அம்மனின் தமிழ்ப் பெயர் உண்ணாமுலை. மக்கள் தங்கள் பெண்களுக்கு வைத்தபோது அது உண்ணாமலை ஆகி, பக்கத்திலிருக்கும் மலையோடு சேர்ந்து வேறொரு தோற்றம் பெற்றுவிட்டது.

அலமேலுவுக்கும் அப்படி ஒரு மயக்கம் உண்டு. ‘அலை மேல்’ என்று பிரித்து, பாற்கடலில் பிறந்தவள் அல்லவா, அலைமேல் வந்தவள் என்று சிலர் பொருள் சொல்வார்கள். திருமகளுக்கு அலைமகள் என்ற பெயர் இருப்பதால் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகப் பிடித்துப்போகும். ஆனால் பாசுரத்தில் இருப்பது அலர். திருச்சானூர்த் தாயாரின் மற்றப் பெயரும் கோயில் குளத்தின் பெயரும் தாமரையைச் சுற்றியே நிற்கின்றன. அலைக்கு அங்கே வேலையில்லை.

பெயரின் உறவுக் கூட்டம்

தமிழிலேயே இதற்குப் பல வடிவங்கள். மரியாதையோடு ‘அம்மாள்’ சேர்த்தால் அலமேலம்மாள். முழுப் பெயரை விடாமல் பிடித்தால் அலமேலுமங்கை, அலமேலுமங்கம்மாள். வீட்டில் கூப்பிடும்போது அலமு. ‘மங்கை’க்குப் பதிலாக ‘வல்லி’ வைத்து அலர்மேல்வல்லி என்றும் வழங்கும். சென்னையின் புகழ்பெற்ற பரதநாட்டியக் கலைஞர் ஒருவர் அந்தப் பெயரில்தான் உலக மேடைகளில் ஆடினார், ஒரு ரகரத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல். முறிந்து விழுந்த ‘மங்கை’யும் வீணாகவில்லை. மங்கை, மங்கா, மங்கம்மா, மங்கம்மாள் என்று தனிப் பெயர்களாகவும் அது வாழ்ந்திருக்கிறது.

தெலுங்கில் இந்தப் பெயர் பெற்ற செல்வாக்கு தமிழில்கூட இல்லை என்று சொல்வேன். 15 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியார் திருவேங்கடமுடையானைப் பற்றி ஆயிரக்கணக்கில் கீர்த்தனைகள் பாடினார். அவற்றில் காதல் சுவை கொண்டவற்றின் நாயகி அலமேலுமங்கா. கோபித்துக்கொள்கிறாள், வெட்கப்படுகிறாள், கணவனைக் கேலி செய்கிறாள். அந்தப் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலில் நெடுங்காலம் கிடந்து, 20 ஆம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்தன. தெலுங்கில் ‘மேல்’ என்ற இடப்பொருளுக்கு ‘மீத’ என்ற வேறு சொல் இருக்கிறது; ஆனாலும் அவர்கள் ‘மேல்’ இருக்கும் இந்தத் தமிழ்த் தொடரையே தங்கள் தாயாரின் பெயராக வைத்துக்கொண்டார்கள். பேச்சில் மகரம் வகரமாகி அலிவேலு, அலிவேலம்மா, அலிவேலுமங்கா என்ற வடிவங்களும் வந்தன. பேராக்கின் தென்மேற்கில் பாகான் டத்தோ பக்கம் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே ஓர் அலிவேலுவைச் சந்தித்தால், நம் அலமேலுவின் நேர் சகோதரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

கன்னடத்தில் அலமேலம்மா. அந்தப் பெயரைச் சொன்னால் மைசூர்க்காரர்களுக்கு ஒரு சாபம் நினைவுக்கு வரும். 1610இல் மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது, அங்கே விஜயநகரத்தின் ஆளுநராக இருந்தவரின் மனைவி அலமேலம்மா. கோயில் தாயாருக்கு அணிவிக்கும் நகைகள் அவரிடம் இருந்தன; அவற்றைப் பறிக்க ஆட்கள் துரத்தியபோது, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டுக் காவிரியில் குதித்தார் என்பது மக்கள் வழங்கும் கதை. தலக்காட்டில் பழைய கோயில்கள் மணலில் புதைந்திருப்பதும், உடையார் வம்சத்தில் பல தலைமுறைகள் தத்துப்பிள்ளையால் தொடர்ந்ததும் கதைக்கு உரம் சேர்த்தன. மைசூர் அரண்மனையில் அலமேலம்மாவுக்குச் சிலை வைத்து வணங்குகிறார்கள். பெயர் வைக்க யோசிப்பவர்களிடம் இந்தக் கதையை நான் மறைப்பதில்லை. சாபம் விட்டவர் தன் பொறுப்பில் இருந்த நகையை விட்டுக்கொடுக்காதவர். அதில் பெயருக்கு என்ன குறை?

திருப்பதியிலிருந்து தோட்டத்துக்கு

மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரியும்வரை திருப்பதியும் திருச்சானூரும் வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள்தான் இருந்தன. வந்தவர்களில் பலருக்குத் திருப்பதி நடந்தே போய்வரக்கூடிய சொந்த மாவட்டத்துக் கோயில். பெருமாளைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் கோவிந்தம்மா, ரங்கநாயகி, ஆண்டாள், அலமேலு என்று பெயர் வைத்தன. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணியின் பின்னால் நடந்து வந்த கூட்டத்தில் அந்தப் பெயர்களும் வந்தன.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் சிலர் அலமேலுவை ஐயங்கார் வீட்டு மாமியின் பெயராகவே நினைக்கிறார்கள். அங்கே திரைப்படங்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் அப்படிப் பதித்துவிட்டன. இங்கே நிலைமை வேறு. விடியுமுன், ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, பால்வாளியோடு ரப்பர் மரம் சீவப் போன பெண்ணின் பெயர் அது. தோட்டங்களில் பெரும்பாலும் மாரியம்மன் கோயில்தான் இருந்தது. ஆனாலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமம் போட்ட செம்பை ஏந்திக்கொண்டு ‘கோவிந்தா’ என்று லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசல்களில் அரிசி வாங்கிய குடும்பங்கள் இருந்தன. புரட்டாசி மாதம் முழுவதும் இறைச்சியை நிறுத்தும் பழக்கம் இன்றும் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. தொழிலாளர் பெயர்ப் பதிவேடான பழைய செக்ரோலில் ஓர் அலமேலுவைப் பார்த்தால், அந்தக் குடும்பம் பெருமாள் வழிபாட்டுக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஊகிக்கலாம். உறுதி என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் பிடித்துப்போய் வைத்தவர்களும் உண்டு.

இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாத்தா பாட்டியின் பெயரை வைப்பதால்தான் பெயரன், பெயர்த்தி என்ற உறவுச் சொற்களே வந்தன. ஆனால் மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள். குழந்தைக்கு மாமியாரின் பெயரை வைத்துவிட்டு அதைக் கூப்பிடுவது எப்படி? அதனால் பிறப்புப் பத்திரத்தில் அலமேலு, வீட்டில் பாப்பா. அலமேலு என்று பெயருள்ள பல பெண்களை அக்கம்பக்கத்தார் பாப்பாத்தி என்றும் அம்மணி என்றும் அறிந்திருப்பது இதனால்தான்.

கிராணியாரின் எழுத்தும் அடையாள அட்டையும்

தமிழ்ப் பள்ளி வருகைப் பதிவேட்டில் அலமேலு என்பதை ஒரே மாதிரியாகத்தான் எழுத முடியும். சிக்கல் ஆங்கில எழுத்தில் தொடங்கியது. தோட்டத்தின் செக்ரோலை எழுதிய கிராணிமார்கள் பலர் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளிகள். பெயரைக் கேட்டு, தங்கள் காதுக்குப் பட்டபடி எழுதினார்கள். முதல் லகரத்துக்கு ‘எல்’ எழுத்து ஒன்றா, இரண்டா? நடுவிலுள்ள ஏகாரத்துக்கு ‘இ’ (E) எழுத்தா, ‘ஏ’ (A) எழுத்தா? கடைசி உகரத்துக்கு ‘யூ’ ஒன்று போதுமா, ‘ஓ’ இரண்டு போடுவதா? இந்த மூன்று இடங்களில் ஆளுக்கொரு வழி போனாலே ஒரு பெயருக்கு எட்டு எழுத்துக்கோவைகள் கிடைத்துவிடும். லட்சுமி இந்த நாட்டில் லெட்சுமி என்று, நடுவில் ‘டி, சி, ஹெச்’ என்ற மூன்று எழுத்துகளோடு நிலைத்ததும் இப்படிக் காதால் கேட்டு எழுதிய பழக்கத்தால்தான்.

செக்ரோலில் எழுத்து மாறினால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த மாதம் வேறு மாதிரி எழுதலாம். எழுத்தை இறுக்கிக் கட்டியது அடையாள அட்டை. அதன் தொடக்கத்துக்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளையும் ஊருக்குள் இருந்த மக்களையும் பிரித்தறிய, அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. புகைப்படம், பெருவிரல் ரேகை, அட்டை. அதுவரை பிறந்த தேதியே சரியாகத் தெரியாமல் வாழ்ந்த தோட்டப் பெண்களுக்கு ஒரே நாளில் ஒரு தேதியும் ஓர் எழுத்துக்கோவையும் வாய்த்தன. எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருந்ததா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நம் ஊர்த் தோட்டத்தில் சுட்ட துப்பாக்கிக்கும் அலமேலுவின் பெயரில் ‘எல்’ ஒன்றா இரண்டா என்பதற்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டாகிவிட்டது.

பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயரை இணைக்கும் ‘ஏ/பி’ என்பது ‘அனாக் பெரம்புவான்’ என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். மகள் என்று பொருள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. திருமணத்துக்குப் பிறகும் பத்திரத்தில் தகப்பன் பெயரே தொடரும் என்பதால், ஒரு தடவை பதிவான அலமேலு ஆயுள் முழுக்க அதே எழுத்தில்தான் இருப்பார்.

வாசிக்கும்போது இன்னொரு மாற்றம். மலாய் எழுத்து முறையில் ஆங்கில ‘இ’ எழுத்துக்கு இரண்டு ஒலிகள் உண்டு. ‘மேஜா’ என்பதில் வருவது போலத் தெளிவான ஒலி ஒன்று. ‘செலாமட்’ என்பதன் தொடக்கத்தில் வருவது போல வாய்க்குள்ளேயே மங்கிவிடும் ஒலி மற்றொன்று. மலாய்ச் சொற்களில் மங்கலான ஒலிதான் அதிகம். ஆகவே மருத்துவமனை முகப்பில் மலாய்க்காரத் தாதி அந்தப் பெயரை வாசித்தால், மே என்ற நெடில் சுருங்கி ‘அலம்லு’ என்பது போலக் கேட்கும். நாற்காலியில் இருக்கும் பாட்டி அது தன் பெயர்தானா என்று யோசித்துவிட்டு எழுந்திருப்பார். தாதியின் மேல் குற்றமில்லை. அவருடைய மொழியின் விதிப்படி சரியாகத்தான் வாசித்தார்.

‘இ’க்குப் பதில் ‘ஏ’ எழுத்தில் பதியப்பட்டவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். பெயரின் பின்பாதி அப்படியே ‘மாலு’ என்ற மலாய்ச் சொல்லாகிவிடும். பொருள் வெட்கம். முன்பாதியோ ‘அலாமாக்’ என்ற வியப்புச் சொல்லை நினைவூட்டும். இடைநிலைப் பள்ளி வகுப்பறையில் கிண்டலுக்கு வேறென்ன வேண்டும்? இந்தப் பெயர் அருகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தாமான் எனும் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், பிள்ளைகளுக்குத் தோட்ட வாசனை இல்லாத பெயர் வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. பிறகு பெயரின் எழுத்துகளைக் கூட்டிப் பலன் சொல்லும் எண்கணிதம் வந்தது. அதைப் பற்றி எனக்குப் பேசப் பிடிக்காது.

வைக்க நினைப்பவர்களுக்கு

நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு முதலில்: ‘அ’ என்ற எழுத்து கார்த்திகை நட்சத்திரத்தின் முதல் பாதத்துக்கு உரியது. அந்தப் பாதத்தில் பிறந்த பெண்ணுக்கு அலமேலு இயல்பாகப் பொருந்தும். மற்ற நட்சத்திரக்காரர்கள் ‘ம’வில் தொடங்க வேண்டியிருந்தால் மங்கை இருக்கிறது, ‘ப’ என்றால் பத்மா இருக்கிறது. தெய்வம் ஒன்றுதான்.

அலமேலு என்று அப்படியே வைக்கத் தயங்குபவர்கள் அலர்மேல்மங்கை என்ற முழுப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது. கேட்டவுடன் பொருள் விளங்கும். மாமி நகைச்சுவையும் ஒட்டாது. வீட்டில் அலர் என்று கூப்பிடலாம், பாட்டி விரும்பினால் அலமு என்றும் கூப்பிடலாம். அலர்விழி, அலர்மதி என்று புதிதாக உண்டாக்கும் பெயர்களும் நன்றாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் அவை திருச்சானூர்த் தாயாரின் பெயர் அல்ல. பாட்டியின் பெயரைத் தொடர்வதாக நினைத்து அவற்றை வைத்தால், தொடர்வது அலர் என்ற சொல் மட்டுமே.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது நடு எழுத்து. ஏகாரத்துக்கு ‘இ’ எழுத்தையே போடுங்கள். மங்கலாக வாசிப்பார்களே என்றால், ஆசிரியரிடமும் தாதியிடமும் ஒரு தடவை சொன்னால் திருத்திக்கொள்வார்கள். ‘மாலு’வைத் திருத்துவது கடினம். ‘எல்’ ஒன்று, ‘யூ’ ஒன்று போதும். இரண்டு சொல்லாக ‘அலமேலு மங்கை’ என்று இடைவெளி விட்டு எழுதினால் உள்நாட்டில் பிரச்சினை இல்லை. பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால் அங்குள்ள படிவங்கள் மங்கையை நடுப்பெயராக வெட்டி எடுத்துவிடும். சேர்த்து எழுதுவது மேல்.

பாட்டியின் பத்திரங்களையும் இந்தச் சாக்கில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கோவை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தாயார் பெயர் வேறொரு எழுத்துக்கோவை, நிலப் பட்டாவில் மூன்றாவது என்று இருப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம். ஊழியர் சேமநிதிப் பணமோ நிலமோ வாரிசுக்கு மாறும் நேரத்தில்தான் அது தெரியவரும். எல்லா எழுத்துக்கோவைகளும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சத்தியப் பிரமாணக் கடிதம் செய்து வைத்துக்கொள்வது வழக்கம். பாட்டி இருக்கும்போதே, அவருடைய கைரேகையோடு அதைச் செய்துவிடுவது நல்லது. பிறகு செய்தால் மற்றவர்கள் சாட்சி சொல்ல வேண்டிவரும், செலவும் அலைச்சலும் கூடும்.